போட்டியாளரிடம் கேட்கலாம்

மென்பொருள் நிறுவனம் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன இளைஞர்கள் என்னைச் சந்திக்க வரும்போது பெரும்பாலும் இந்தக் கேள்வியையும் கொண்டுவருகிறார்கள்: "தொழில் சங்கத்தில் சேர்ந்தால் ஆர்டர் கிடைக்குமா, சார்?" கிடைக்காது என்றுதான் சொல்கிறேன். கோவையில் நடுத்தர அளவில் ஒரு நிறுவனத்தை நடத்திவருகிறேன். சங்கக் கூட்டத்தில் கைகுலுக்கிய ஒருவர் மறுவாரம் எனக்கு வேலை கொடுத்ததாக நினைவில்லை. ஆனாலும் தேசிய அளவிலான ஒரு சங்கத்துக்கும் உள்ளூர்ச் சங்கம் ஒன்றுக்கும் ஆண்டுதோறும் சந்தா கட்டுகிறேன். செலவைக் குறைக்க வேண்டிய ஆண்டுகளில்கூட அதில் கை வைத்ததில்லை.

தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு யோசனை சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொருவரிடமும் பேச முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது. லாபம் சுருங்கி வருவதை வாடிக்கையாளரிடம் சொல்ல முடியாது. அடுத்த காலாண்டில் சம்பளத்துக்குப் பணம் போதுமா என்ற கவலையை ஊழியர்களிடம் காட்ட முடியாது. முதலீட்டாளரிடம் சந்தேகத்தைச் சொன்னால் அது வேறு சந்தேகங்களைக் கிளப்பும். ஆடிட்டர் சட்டம் என்ன என்று சொல்வார். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் நிறுவனம் அதே சட்டத்தை எப்படிக் கையாண்டது என்று சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. நம் தொழிலின் வலியை நம் அளவுக்கு அறிந்தவர் போட்டி நிறுவனத்தின் தலைவர்தான். கூச்சமின்றி அவரிடம் போய்க் கேட்பதற்கு ஓர் இடம் தேவைப்படுகிறது. எனக்கு அந்த இடம் சங்கம்.

அதன் முழு மதிப்பையும் நான் உணர்ந்தது ஒரு ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தபோது. எங்கள் நிறுவனத்தில் ஒரு பிரிவு அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவருக்காக அவருடைய பயனர்களின் தொழில்நுட்பச் சிக்கல்களைத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் தீர்த்துவைக்கிறது. பணம் டாலரில் வருகிறது. இது ஏற்றுமதி, வரி இல்லை, நாங்கள் வாங்கியவற்றுக்கு ஏற்கெனவே கட்டிய உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறலாம் என்பது எங்கள் புரிதல். நோட்டீஸ் வேறு கதை சொன்னது. நாங்கள் அமெரிக்க நிறுவனத்துக்கும் அதன் பயனர்களுக்கும் நடுவே நிற்கும் இடைத்தரகராம். ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டத்தில் அன்று இருந்த 13(8)(பி) பிரிவின்படி இடைத்தரகரின் சேவை, அவர் இருக்கும் ஊரிலேயே வழங்கப்பட்டதாகக் கருதப்பட்டது. அப்படியென்றால் சேவை கோவையில் முடிந்துவிட்டது, ஏற்றுமதி இல்லை, 18 சதவீத வரி கட்ட வேண்டும், ரீஃபண்டும் கிடையாது. அந்த 18 சதவீதத்தை அமெரிக்க வாடிக்கையாளர் தரமாட்டார். ஏன் தர வேண்டும்? அவருடைய ஊரில் அதைத் தன் வரியில் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. எங்களைப் போன்ற நிறுவனத்துக்கு மொத்த லாப விகிதமே அதைவிடக் குறைவு.

வக்கீலைப் பார்த்தோம், பதில் தயாரித்தோம். சங்கத்தின் வரிக்குழுக் கூட்டத்தில் தயக்கத்தோடு இதை எடுத்துச் சொன்னேன். தயக்கத்துக்குக் காரணம், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் வாடிக்கையாளர்களையே குறிவைப்பவர்கள். சொல்லி முடித்ததும் எதிரில் இருந்தவர் தன் பையிலிருந்து அதே வாசகங்கள் கொண்ட நோட்டீஸை எடுத்து வைத்தார். இன்னொருவர், தனக்கு ஒரு ஆண்டுக்கு ரீஃபண்ட் வந்ததாகவும் அடுத்த ஆண்டுக்கு அதே ஒப்பந்தத்தின் மேல் மறுக்கப்பட்டதாகவும் சொன்னார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்துக்கும் ஓர் அதிகாரிக்கும் இடையிலான வழக்கு. சேர்த்து அடுக்கியபோது, சட்டத்தின் சொற்கள் தெளிவாக இல்லை என்பதற்கு அவை சாட்சியாகிவிட்டன. சங்கம் நிறுவனங்களின் பெயர்களை நீக்கிவிட்டு அந்த நேர்வுகளைத் தொகுத்து மேலே அனுப்பியது. நாடு முழுவதும் வேறு பல அமைப்புகளும் இதே கோரிக்கையை வைத்துக்கொண்டிருந்தன.

2021 செப்டம்பர் 20 அன்று மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் 159/15/2021 என்ற எண்ணிட்ட சுற்றறிக்கையை வெளியிட்டது. இடைத்தரகர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் குறைந்தது மூன்று தரப்பினர் இருக்க வேண்டும், முதன்மைச் சேவையும் தரகுச் சேவையும் தனித்தனியாகப் பிரிந்து தெரிய வேண்டும், சேவையைத் தானே செய்து தருபவர் இடைத்தரகர் ஆகமாட்டார் என்று அது விளக்கியது. அதில் தரப்பட்டிருந்த உதாரணங்களில் ஒன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அமெரிக்காவில் உள்ள கணினி உற்பத்தியாளர் ஒருவர் வாடிக்கையாளர் சேவையை, பிறருக்காக அத்தகைய வேலையைச் செய்துதரும் ஒரு பிபிஓ நிறுவனத்திடம் ஒப்படைக்கிறார். அந்த நிறுவனம் இடைத்தரகர் அல்ல. எங்கள் ஒப்பந்தத்தைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது. பார்த்து எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். எங்களைப் போன்ற எத்தனையோ பேரின் கோப்புகள் யாரோ ஒருவரின் மேசையில் சேர்ந்ததால் பிறந்த உதாரணம் அது. தனியாக நான் எவ்வளவு நல்ல வக்கீலை வைத்திருந்தாலும் என் வழக்கில் தீர்ப்பு வாங்கியிருப்பேன், அவ்வளவுதான்.

2020 மார்ச் வேறு விதமான பாடம். அப்போது எங்களுக்குத் தேவைப்பட்டது கொள்கை மாற்றம்கூட இல்லை. இன்று என்ன செய்யலாம் என்ற செய்தி. தமிழகத்தில் மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தடை உத்தரவு அமலுக்கு வந்தது. நள்ளிரவில் நாடு முழுவதும் ஊரடங்கு. குரல் வழிச் சேவை மையங்கள் அன்றைக்கு 'பிற சேவை வழங்குநர்' என்ற தொலைத்தொடர்புத் துறைப் பதிவின் கீழ் இருந்தன. ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்யவைக்கப் பிணைத்தொகையும் தனிப்பட்ட இணைப்பு வசதியும் விதிகளில் இருந்தன. மார்ச் 13 அன்று அத்துறை இவற்றைத் தற்காலிகமாகத் தளர்த்தியிருந்தது. சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இருந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல்: வரிச்சலுகையில் வாங்கிய கணினிகளை அனுமதி இல்லாமல் வாசலைத் தாண்டி எடுத்துச் செல்ல முடியாது.

எந்த விதி தளர்ந்தது, எது தளரவில்லை, எந்தப் படிவம், எந்த அலுவலகம் திறந்திருக்கிறது என்பதை அந்த நாட்களில் எந்தச் செய்தித்தாளும் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்காகத் தொகுத்துத் தரவில்லை. சங்கத்தின் வாட்ஸ்அப் குழு தந்தது. சென்னையில் ஒரு நிறுவனம் மேசைக் கணினிகளை எடுத்துச் செல்ல அனுமதி வாங்கிய கடிதத்தின் மாதிரியை மாலையில் பகிர்ந்தது. மறுநாள் காலை நாங்கள் அதே வடிவில் விண்ணப்பித்தோம். வாகன அனுமதிச் சீட்டுக்கு யாரை அணுகுவது என்று ஒருவர் சொன்னார். மடிக்கணினி தட்டுப்பாட்டில் தவித்த சிறிய நிறுவனம் ஒன்றுக்கு, தன்னிடம் உபரியாக இருந்தவற்றை வாடகையே இல்லாமல் கொடுத்தவர் அந்த நிறுவனத்தோடு டெண்டர்களில் மோதிக்கொண்டிருந்தவர். இப்போதும் அவரை எண்ணும்போது மனம் நெகிழ்கிறது.

அந்த ஆண்டு நவம்பர் 5 அன்று தற்காலிகத் தளர்வுகளில் பெரும்பகுதி நிரந்தர விதியாகிவிட்டது. பதிவுத் தேவையும் வங்கி உத்தரவாதமும் நீங்கின. 2021 ஜூனில் இன்னும் எளிமையானது. சொந்த ஊரில் இருந்துகொண்டே வாடிக்கையாளர் அழைப்பை எடுக்கும் இளம் பெண்கள் இன்று எங்கள் குழுவில் இருக்கிறார்கள். பழைய விதி நீடித்திருந்தால் அவர்களில் சிலருக்கு இந்த வேலை கிடைத்திருக்காது. தொழில் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த மாற்றம் இது. கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் பெருந்தொற்று வந்தபோது தளர்த்த வேண்டியது எது என்ற பட்டியல் தயாராக இருந்தது என்று நம்புகிறேன்.

மற்ற பயன்களை வேகமாகச் சொல்லிவிடலாம். பயிற்சி வகுப்புகள் உண்டு. தரம் ஏற்ற இறக்கமாக இருக்கும். கண்காட்சியில் அரங்குக்குக் கட்டணச் சலுகை உண்டு. சிறிய நிறுவனங்களுக்கு உண்மையிலேயே பணமாகத் தெரிவது சட்ட விவரங்கள்தான். மென்பொருள் சேவை நிறுவனமும் மத்திய அரசின் சிறு நிறுவனப் பதிவான உத்யம் பதிவைச் செய்துகொள்ளலாம், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம் தரும் பாதுகாப்பு தனக்கும் பொருந்தும் என்பது பல இளம் நிறுவனர்களுக்குத் தெரிவதில்லை. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் சேர்ந்த உட்பிரிவு 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபின், குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டியதைக் காலத்தில் தராத பெரிய நிறுவனம் அந்தச் செலவை அந்த ஆண்டில் கழித்துக்கொள்ள முடிவதில்லை. எங்கள் உள்ளூர்ச் சங்கத்தில் இதை விளக்கிய ஒரே ஒரு மாலைக் கூட்டம், பல உறுப்பினர்களுக்கு நிலுவைப் பணத்தைக் கொண்டுவந்து சேர்த்தது.

போட்டியாளரிடம் எதையும் கேட்டுவிடலாம் என்று பொருள் இல்லை. விலையைப் பேசக்கூடாது. 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், மூன்றாம் பிரிவில், போட்டியாளர்கள் கூடி விலையை முடிவுசெய்வதையும் சந்தையைப் பங்கிட்டுக்கொள்வதையும் தடுக்கிறது. சங்கங்களும் அதற்குள் அடக்கம். 2012இல் இந்தியப் போட்டி ஆணையம் சிமெண்ட் நிறுவனங்களுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தபோது அவற்றின் உற்பத்தியாளர் சங்கத்தையும் விட்டுவைக்கவில்லை. மேல்முறையீடுகளில் அந்த வழக்கு நீண்டது என்றாலும், சங்கத்தின் கூட்டக் குறிப்பேடு எப்படிச் சான்றாக முடியும் என்பதை எல்லாத் தொழில்களும் கவனித்தன.

எங்கள் தொழிலில் சபலம் விலையில் வருவதைவிட ஆட்களில் அதிகம் வருகிறது. "என் ஆட்களை நீங்கள் எடுக்காதீர்கள், உங்கள் ஆட்களை நான் எடுக்கவில்லை" என்று யாராவது ஒருவர் தேநீர் இடைவேளையில் ஆரம்பிப்பார். பயிற்சி கொடுத்து வளர்த்த பொறியாளர் ஆறு மாதத்தில் எதிர்க்கட்டடத்துக்குப் போகும்போது ஏற்படும் வருத்தம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஏற்பாடு அந்தப் பொறியாளரின் சம்பளத்தைத் திருடுவதாகும். அமெரிக்காவில் ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி போன்றவை ஒருவர் ஆளை மற்றவர் அழைப்பதில்லை என்று வைத்திருந்த ஏற்பாட்டை 2010இல் அந்நாட்டு அரசின் நீதித்துறை தடுத்து நிறுத்தியது. ஊழியர்கள் தொடர்ந்த வழக்கு 2015இல் 41.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அப்படி ஒரு பேச்சு எழும்போது எழுந்து, இதை இங்கே பேசக்கூடாது என்று சொல்லும் ஒருவராவது இருக்கும் சங்கத்தில்தான் நான் இருக்க விரும்புகிறேன். எங்கள் குழுவில் அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு குறையும் உண்மையானது. பெரிய நிறுவனங்களின் குரலுக்கு எடை அதிகம். மென்பொருள் நிறுவனங்களின் தேசியச் சங்கமான நாஸ்காம் 1988இல் 38 உறுப்பினர்களோடு தொடங்கப்பட்டது. சேவை ஏற்றுமதி அசுர வேகத்தில் வளர்ந்த ஆண்டுகளில் இயல்பாகவே அத்தகைய நிறுவனங்களின் கவலைகள் முன்னால் வந்தன. சொந்தமாக மென்பொருள் படைப்புகளை உருவாக்கி விற்பவர்களின் தேவைகள் வேறு. 2013இல் அவர்களில் சிலர் ஐஸ்பிரிட் என்ற அமைப்பைத் தனியாகத் தொடங்கினார்கள். இதைப் பிளவு என்று வருந்தியவர்கள் உண்டு. எனக்கு அது நல்லதாகவே படுகிறது. தன் கவலை பேசப்படாத இடத்தில் சந்தா கட்டிக்கொண்டு மௌனமாக இருப்பதைவிட, பேசும் இடத்தை உருவாக்குவது மேல்.

கோவைக்கு இது புதிதும் அல்ல. நூற்பாலைகள் 1933இலேயே தென்னிந்திய பஞ்சாலைகள் சங்கத்தை அமைத்துக்கொண்டன. கோவை மாவட்டச் சிறுதொழில் சங்கமான கொடிசியா 1969இல் வந்தது. ஒரே தெருவில் ஒரே குதிரைத்திறன் மோட்டாரை விற்றுப் போட்டியிட்ட பம்ப் தயாரிப்பாளர்கள் பொதுவான பரிசோதனைக் கூடத்தைச் சேர்ந்து நடத்துகிறார்கள். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, சங்கத்துக்குப் பணம் மட்டும் கொடுத்தால் ரசீது வரும். நேரம் கொடுத்துப் பாருங்கள்." நான் வரிக்குழுவில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். ஆண்டு விழாவுக்கு மட்டும் வந்து படம் எடுத்துக்கொள்ளும் உறுப்பினர்களுக்கு மேலே நான் சொன்ன எதுவும் நடக்காது. வரைவு விதியை வரிவரியாகப் படிக்கும் எட்டுப் பத்துப் பேர் கொண்ட சிறு குழுவில் உட்காருபவருக்கு நடக்கும்.

இப்போது அந்த மேசையில் இருப்பது தரவுப் பாதுகாப்பு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன; முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம். மீறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். பெரிய வாடிக்கையாளர்கள் இந்தப் பொறுப்பு முழுவதையும் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் எழுதி எங்களைப் போன்றவர்களின் கையெழுத்தைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அறுபது பேர் வேலை பார்க்கும் நிறுவனம் 250 கோடிக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட முடியாது. எந்தக் கடமை தரவைச் சேகரிப்பவருடையது, எது அவருக்காகக் கையாளும் எங்களுடையது, கசிவு நேர்ந்தால் யார் யாருக்கு எத்தனை மணி நேரத்தில் தெரிவிப்பது என்று பிரித்துச் சொல்லும் மாதிரிப் பின்னிணைப்பு ஒன்றை எங்கள் குழு எழுதிவருகிறது. முதல் வரைவை எழுதியிருப்பவர், சென்ற ஆண்டு எங்களிடமிருந்து ஒரு பெரிய ஒப்பந்தத்தைத் தட்டிச் சென்ற நிறுவனத்தின் தலைவர். நன்றாக எழுதியிருக்கிறார். நான்காம் பத்தியில் இழப்பீட்டு உச்சவரம்பு பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. வியாழக்கிழமை கூட்டத்துக்கு முன்பாக எழுதி அனுப்ப வேண்டும்.