டிஸ்சார்ஜுக்குப் பிறகு வரும் திங்கட்கிழமை

நான் நர்ஸ். நாகர்கோவிலில் படித்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடம் மெடிக்கல் வார்டில் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்து வந்தவள். வந்த இரண்டாம் வருடம் உணவுக் கோளாறுகளுக்கான (சாப்பாட்டோடு உள்ள உறவே கெட்டுப்போகிற மனநோய்கள், ஆங்கிலத்தில் ஈட்டிங் டிஸார்டர்) வார்டில் சேர்ந்தேன். சேரும்போது மனதுக்குள் ஓர் இளக்காரம் இருந்தது, மறைப்பானேன். சாப்பிட மாட்டேன் என்கிற பிள்ளைக்கு ஒரு தனி வார்டா, அம்மா நாலு அதட்டு அதட்டினால் தீர்கிற விஷயத்துக்கா என்று. முதல் வாரமே அது போய்விட்டது. வெண்ணெய் தடவிய ஒரு துண்டு ரொட்டியின் முன்னால் உட்கார்ந்து கை நடுங்க அழுதுகொண்டிருந்த பெண்ணின் முகத்தில் பிடிவாதத்தின் சாயலே கிடையாது. பாம்பைப் பார்த்தவர்களுக்கு அப்படி முகம் வெளிறும்.

இங்கே சிகிச்சை பல அடுக்கு. முதலில் ஜி.பி. என்கிற குடும்ப டாக்டர். அவர் அந்தப் பகுதியின் உணவுக் கோளாறு குழுவுக்கு அனுப்புவார். வாரம் ஒரு தடவை போய்ப் பேசி, எடை பார்த்து, தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனையும் செய்துவிட்டு வரவேண்டும். அது போதாவிட்டால் டே யூனிட், அதாவது காலையில் வந்து அங்கேயே எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மாலையில் வீட்டுக்குப் போவது. அதற்கும் மேலே எங்கள் வார்டு. ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி, இதயத் துடிப்பு தாறுமாறானால் பொது மருத்துவமனையின் மெடிக்கல் வார்டு. உயிருக்கே ஆபத்து என்ற நிலையிலும் சிகிச்சை வேண்டாம் என்பவர்களை 1983ஆம் வருட மனநலச் சட்டத்தின் கீழ் சேர்த்து, மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கவும் இடமுண்டு. அந்த ஷிஃப்டுகளைப் பற்றி எழுத இன்னும் எனக்குத் தெம்பு வரவில்லை.

மனச்சோர்வுக்கு இதே போல இன்னொரு வரிசை தனியாக இருக்கிறது. ஜி.பி., பேச்சுச் சிகிச்சை, மனநலக் குழு, நெருக்கடிக் குழு, அப்புறம் மனநல வார்டு. இரண்டும் சேர்ந்தே இருக்கிற ஆள் எந்த வரிசையில் நிற்பது? மனச்சோர்வு வரிசைக்குப் போனால் முதலில் சாப்பாட்டுப் பிரச்சினையைப் பார்த்துவிட்டு வா என்பார்கள். உணவுக் கோளாறு வரிசைக்குப் போனால் மனம் கொஞ்சம் நிலைப்பட்டதும் வா என்பார்கள். எங்கள் வார்டுக்கு வந்தவர்களில் இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு வருடம் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டையும் பிரிக்கவும் முடியாது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் அரைவயிற்று உணவு கொடுத்துப் பார்த்தார். எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள், திடமானவர்கள். அவர்களுக்கே மனச்சோர்வு வந்தது, எரிச்சல் வந்தது, யாரோடும் பேசப் பிடிக்காமல் போனது, சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். இதைப் படித்த அன்றுதான், எங்கள் வார்டில் ஒரு வாய் சாப்பிடத் திணறுகிற பிள்ளைகள் மணிக்கணக்காக சமையல் வீடியோ பார்ப்பது ஏன் என்று எனக்குப் புரிந்தது. மின்னசோட்டாவில் உணவைக் கூட்டிய பிறகும் சிலருக்கு மனம் உடனே தேறவில்லை, இன்னும் மோசமானது. வார்டிலும் அதே கதை. எடை ஏறும், மனம் இறங்கும். பட்டினியில் மரத்துப்போயிருந்தது எல்லாம் திரும்ப உயிர்பெற்று வலிக்கும்போல. எடை ரொம்பக் குறைவாக இருக்கும்போது மனச்சோர்வு மாத்திரைகளும் சரியாகப் பிடிப்பதில்லை என்பதால், டாக்டர்கள் சிலருக்குக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பார்கள். புலிமியாவுக்கு (அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பது போன்ற உணவுக் கோளாறு) ஃப்ளுவாக்செடின் என்ற மனச்சோர்வு மாத்திரையைக் கொடுக்கும்போது மனச்சோர்வுக்கு வழக்கமான 20 மில்லிகிராம் அல்ல, 60 வரை போகும். ட்ரக் சார்ட்டில் முதல்முறை அதைப் பார்த்து, தப்பாக எழுதிவிட்டார்களோ என்று ஃபார்மசிக்கு போன் போட்டவள் நான்.

மதுரை ஞாபகம் வருகிறது. பத்தொன்பது வயதுப் பெண், வாந்தி, எடைக் குறைவு, அல்சர் என்று அட்மிஷன். கல்யாணப் பேச்சு எடுத்ததிலிருந்தே இப்படித்தான் என்று பாட்டி சொன்னார், நாங்கள் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. குளூக்கோஸ் ஏற்றினோம். மூன்றாம் நாள் கால் வீங்கி, யார் பேசினாலும் புரியாமல் விழித்தாள். ஐ.சி.யு.வில் நாலு நாள் இருந்து பிழைத்துக்கொண்டாள். நீண்ட பட்டினிக்குப் பிறகு உணவோ குளூக்கோஸோ வேகமாக உள்ளே போனால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு ஆபத்தான அளவுக்குச் சரியும், அதனால்தான் முன்கூட்டியே தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, மெதுவாக ஏற்றி, ரத்தப் பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் இங்கே வந்து கற்றுக்கொண்டது. அவளுக்கு நடந்தது அதுதானா என்று இப்போது சொல்ல முடியாது, ஏனென்றால் பாஸ்பேட் பார்க்கவே இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் கேஸ்ட்ரைட்டிஸ், அதாவது இரைப்பை அழற்சி என்று எழுதி அனுப்பினோம். ஃபாலோ அப், குடல் டாக்டரிடம். மனநல டாக்டர் அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே இருந்தார்.

இங்கே அடுக்குகள் இருக்கின்றனவே, அப்படியானால் ஆபத்து குறைவுதானே என்று தோன்றும். ஓர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற நாட்கள்தான் ரொம்பப் பயமானவை. ஏவ்ரில் ஹார்ட் என்ற 19 வயது மாணவி 2012 ஆகஸ்ட்டில் இப்படி ஒரு வார்டிலிருந்து வெளியே வந்தார். அடுத்த மாதம் புது ஊரில் பல்கலைக்கழகம், புது டாக்டர், புதுக் குழு. டிசம்பரில் இறந்துபோனார். அவரைப் பார்த்த அரசு மருத்துவச் சேவை அமைப்புகள் ஒவ்வொன்றும் ஏதோ ஓரிடத்தில் தவறியது என்று நாடாளுமன்றத்தின் குறைதீர்ப்பாளர் 2017இல் அறிக்கை கொடுத்தார். எங்கள் பயிற்சியில் அதை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்துவிட்டு நான் டிஸ்சார்ஜ் பேப்பர் எழுதும் விதத்தையே மாற்றிக்கொண்டேன். வரும் திங்கட்கிழமை எடை பார்க்கப்போவது யார்? ரத்தம் எடுப்பது யார், ரிசல்ட் யார் கைக்குப் போகும்? ராத்திரி பதினோரு மணிக்குச் செத்துப்போகலாம் என்று தோன்றினால் எந்த நம்பர்? இந்த வரிகளில் ஒன்று காலியாக இருந்தாலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை. பெட் வேண்டும் என்று மேலே இருந்து போன் வரும். வரட்டும்.

வார்டில் என்னைத் தேடிவந்து பேசிய யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் உண்டு. (அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.) மகளுக்கு இருபது வயது, மூன்று மாதம் எங்களோடு இருந்தாள். நான் தமிழ் என்று தெரிந்ததும் அம்மா புட்டும் சொதியும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மீல் பிளானில் அதை எப்படிச் சேர்ப்பது என்று எங்கள் டயட்டீஷியன் அரைமணி நேரம் என்னைக் கேள்வி கேட்டார்.

டிஸ்சார்ஜ் ஆகி, வாரத்துக்கு நாலு நாள் டே யூனிட் என்று ஏற்பாடு. அதையும் முடித்து, வாரம் ஒரு சந்திப்பு என்று குறைத்தபோது பெண் சறுக்கினாள். எடை அவ்வளவாகக் குறையவில்லை, ரத்தப் பரிசோதனையும் சரியாகத்தான் வந்தது, ஆனால் கட்டிலை விட்டு எழுவதில்லை, யாருக்கும் பதில் இல்லை. இந்த இடத்தில்தான் ரிப்போர்ட் நார்மல் என்று ஏமாறுவோம். குழு அவளை மறுபடி டே யூனிட்டுக்குக் கூப்பிட்டது. டே யூனிட் எங்கள் வார்டுக்குக் கீழ்த்தளத்தில்தான். அம்மா நேரே மேலே ஏறி வந்தார்.

“பிள்ளை, வார்டால விட்டவுடன சுகமாயிட்டுது எண்டுதான் நினைச்சன். இப்ப திரும்பவும் முதல்ல இருந்தா?”

“இல்ல ஆன்ட்டி, முதல்ல இருந்துன்னா இங்க மேல வந்திருப்பா. கீழதான வந்திருக்கா” என்றேன். சொன்ன பிறகு, எவ்வளவு சமாளிப்பான பதில் என்று எனக்கே தோன்றியது. ஆனால் அவர் சிரித்துவிட்டார்.

மதியம் பிரேக்கில் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். மேசையில் எட்டு பேர், நடுவில் அந்தப் பெண், தட்டில் பாதி காலியாகியிருந்தது. அம்மா வெளியே நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். அவள் சாப்பிடாமல் தனக்கு இறங்காது, காலையில் ஒரு தேத்தண்ணிதான் என்றார். அங்கே பொறுப்பில் இருந்த நர்ஸிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் இன்னொரு தட்டு எடுத்து வைத்து, மகளுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.