மானெக்‌ஷா சொன்ன 'இப்ப முடியாது'

1971 போர்ல நம்ம ராணுவத் தளபதியா இருந்த சாம் மானெக்‌ஷான்னாலே மீசையையும் ஜோக்கையும்தான் எல்லாரும் பேசுவாங்க, எனக்குப் பிடிச்சது 1971 ஏப்ரல்ல பிரதமர் இந்திரா காந்தி முன்னாடியே இப்ப பாகிஸ்தானோட சண்டைக்குப் போக முடியாதுன்னு சொன்னதுதான். மழை வந்தா கிழக்கு வங்காளமே (இப்போதைய வங்கதேசம்) வெள்ளக்காடாகிடும், டாங்கி நகராது, பனிக்காலம்னா இமயமலை கணவாயெல்லாம் மூடிடும் சீனாக்காரனும் சுலபமா இறங்க முடியாது, அதுவரைக்கும் டைம் குடுங்கன்னு கேட்டாரு. பிரதமர்கிட்ட இப்படிப் பேச எவ்ளோ தில்லு வேணும்! டிசம்பர் 3ல போர் ஆரம்பிச்சு 16ல டாக்கா விழுந்துச்சு, பாகிஸ்தான் தரப்புல கிட்டத்தட்ட 93,000 பேர் கைதி. (களத்துல நின்ன ஜெனரல்கள் அரோராவையும் ஜேக்கபையும் விட்டுட்டுப் பேசுறது நியாயமில்ல, அது வேற கதை.)

1973ல ராணுவத்தோட உச்சப் பதவியான ஃபீல்ட் மார்ஷல் ஆனாரு. கடைசிக்காலம் நம்ம குன்னூர்லதான், 2008ல பக்கத்துல இருக்கற வெலிங்டன்ல இறந்தப்ப இறுதிச்சடங்குக்கு பிரதமரும் வரல, பாதுகாப்பு அமைச்சரும் வரல, நினைச்சா இன்னும் கடுப்பாகுது.