உலைக்கு ஊத மலிவாக ஒரு ப்ளோயர்

வீட்டிலேயே சின்னதாக ஒரு கொல்லுலை போட நினைக்கிற யாரும் கடைசியில் காற்று விஷயத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள். உலைக்குப் பழைய பிரேக் டிரம் ஒன்று போதும். பட்டடைக்குத் தண்டவாளத் துண்டு கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் கனமான எந்த இரும்புக் கட்டியும் ஆகும். சுத்தியல் எப்படியும் கையில் இருக்கும். ப்ளோயருக்கு மட்டும் கடைக்குப் போனால், உலை மொத்தத்துக்கும் ஆன செலவைவிட அதற்கு அதிகமாக விலை சொல்கிறார்கள்.

அதனால் எல்லோரும் பழைய சாமான்களில் தேட ஆரம்பிக்கிறோம். தேடும்போது "எவ்வளவு பெரிசாக ஊதும்" என்பதைத்தான் முதலில் பார்க்கிறோம். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் பார்த்தால் போதும். வீட்டு உலைகளில் நான் பார்த்தவரை காற்று பற்றாமல் திணறுவது அபூர்வம், காற்று அதிகமாகிக் கெடுவதுதான் வழக்கம்.

கணக்குப் போட்டால் புரியும். 1 கிலோ கார்பன் முழுசாக எரிய ஏறத்தாழ 2.7 கிலோ ஆக்சிஜன் வேண்டும். காற்றில் எடைக்கணக்கில் ஆக்சிஜன் 23 சதவீதம்தான், ஆகவே காற்றாகச் சொன்னால் பதினொன்றரை கிலோ, அதாவது சுமார் பத்து கன மீட்டர். சின்ன உலை மணிக்கு 2 கிலோ கரி தின்கிறது என்று வைத்துக்கொண்டாலும் மணிக்கு 20 கன மீட்டர் காற்று போதும். கம்ப்யூட்டர் பெட்டியில் சுற்றுகிற 120 மில்லிமீட்டர் ஃபேன்கூட திறந்த வெளியில் இதைவிட மூன்று நான்கு மடங்கு தள்ளிவிடும்.

அப்படியானால் கம்ப்யூட்டர் ஃபேனையே மாட்டிவிடலாமே என்றால், மாட்டிப் பாருங்கள், ஒன்றும் நடக்காது. ஃபேன் சுற்றும், குழாய் வழியாகத் துளி காற்று வராது. காரணம் அழுத்தம். அந்த மாதிரி ஃபேன் கொடுக்கிற அழுத்தம் தண்ணீர் மட்டத்தில் அளந்தால் 2 மில்லிமீட்டர் அளவுக்குத்தான், அதாவது குழாயில் தண்ணீரை அவ்வளவு உயரம்தான் தூக்கும். குழாயின் வளைவு, காற்று வரும் துளைகள், அதற்கு மேல் சாம்பலும் கட்டியும் சேர்ந்த கரிப்படுகை, இத்தனையும் தாண்டிப் போக அது பத்தாது. இறக்கை நேராகச் சுற்றிக் காற்றை முன்னால் தள்ளுகிற எல்லா ஃபேனுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான், சுவரில் பதிக்கிற எக்ஸாஸ்ட் ஃபேனும் சேர்த்து. நமக்கு வேண்டியது நடுவில் காற்றை உறிஞ்சி, சக்கரத்தால் ஓரத்துக்குச் சுழற்றி எறிந்து, நத்தை ஓடு மாதிரி சுருண்ட உறை வழியாக ஒரே வாயில் வெளியே விடுகிற வகை. பழைய பொருளைப் புரட்டும்போது அந்தச் சுருண்ட உறை கண்ணில் பட்டால் நின்று பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் அளந்துவிடலாம், செலவே இல்லை. ப்ளோயர் வாயை அட்டையால் மூடி, அதில் சின்ன ஓட்டை போட்டு, நிறமில்லாத பிளாஸ்டிக் டியூபை U வடிவத்தில் வளைத்துத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஓட்டைக்குள் செருகுங்கள். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் வித்தியாசம் என்பதுதான் அந்த ப்ளோயரின் உச்ச அழுத்தம். கரி உலைக்குச் சில பத்து மில்லிமீட்டர் காட்டினால் தாராளம்.

சரி, என்னென்ன கிடைக்கும்? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஹேர் டிரையர். தப்பில்லை, மரக்கரி போட்டு கத்தி, உளி அளவுக்குச் சின்ன வேலை செய்பவருக்கு அது போதும். ஆனால் ஒரு விஷயம். "சூடு வேண்டாம், காற்று மட்டும் போதும்" என்று உள்ளே இருக்கிற ஹீட்டர் கம்பியை வெட்டிவிட்டு மோட்டாரை நேராக மெயின் கரண்டில் இணைக்கத் தோன்றும். செய்யாதீர்கள். மலிவான டிரையர் பலவற்றில் மோட்டார் 12 வோல்ட்டோ 24 வோல்ட்டோ வாங்குகிற சின்ன டிசி மோட்டார். ஹீட்டர் கம்பியில் ஒரு பகுதிதான் மீதி வோல்ட்டேஜைக் குறைத்துக் கொடுக்கிறது. அதை வெட்டினால் மோட்டார் அந்த நொடியே போய்விடும். மோட்டாரின் முதுகில் நான்கு டையோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுகிற சின்னப் பாகம்) ஒட்டியிருந்தால் அது இந்த வகை என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்காற்று பட்டன் இருந்தால் அதிலேயே ஓட்டுங்கள், இல்லாவிட்டால் மோட்டாரை மட்டும் கழற்றித் தனி டிசி சப்ளையில் ஓட்டுங்கள். இன்னொன்று, அதன் மூக்கு பிளாஸ்டிக். உலைக்கும் அதற்கும் நடுவே அரை மீட்டராவது இரும்புக் குழாய் இருக்கட்டும்.

வேக்யூம் கிளீனரின் வெளிவாயில் வருகிற காற்றைப் பயன்படுத்தலாம் என்பார்கள். அது கம்ப்யூட்டர் ஃபேனுக்கு நேர் எதிர்க்கோடி. தண்ணீர் மட்டத்தில் 2000 மில்லிமீட்டர் அளவுக்கு அழுத்தம் கொடுக்கிற யந்திரம், அப்படியே திறந்துவிட்டால் கங்கெல்லாம் முகத்துக்குப் பறந்து வரும். குழாயை இறுக்கி மூடிக் காற்றைக் குறைக்கவும் முடியாது, ஏனென்றால் அந்த மோட்டார் பலவற்றில் தன் வழியாகப் போகிற காற்றால்தான் குளிர்கிறது. நடுவில் ஒரு டி-குழாய் வைத்து முக்கால்வாசிக் காற்றை வெளியே கொட்டிவிட்டு மிச்சத்தை உலைக்கு அனுப்பலாம். ஆனால் அந்தச் சத்தத்தை ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு யாரால் வேலை செய்ய முடியும்? என்னால் முடியாது. காற்றடிக்கிற மெத்தைக்கு வருகிற பம்ப்பும் இப்படித்தான், சத்தம் அதிகம், தொடர்ந்து ஓடினால் சூடாகிவிடும். பழைய ஜெராக்ஸ் யந்திரத்திலிருந்து கழற்றிய சின்ன 24 வோல்ட் ப்ளோயர் கிடைத்தால் விடாதீர்கள். சமையலறைச் சிம்னியிலும் நல்ல உருளைச் சக்கர ப்ளோயர் இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவத்தான் பொறுமை வேண்டும்.

என் ஓட்டு காருக்குள் ஏசியும் ஹீட்டரும் ஊதுவதற்கு வைத்திருக்கிற ப்ளோயருக்கு. உடைக்கப் போகிற காரிலிருந்து கழற்றினால் மலிவாகக் கிடைக்கும், மணிக்கணக்காக ஓடுவதற்கென்றே செய்தது, சத்தம் குறைவு, 12 வோல்ட் என்பதால் ஈரக்கையோடு தொட்டாலும் ஷாக் பயம் இல்லை. வாங்கும்போது மோட்டாரும் சக்கரமும் மட்டும் போதும் என்று வந்துவிடாதீர்கள், உறையையும் சேர்த்துக் கேளுங்கள். உறை இல்லாவிட்டால் சக்கரம் நாலாபக்கமும் காற்றை வீசிவிட்டு அழுத்தமே கொடுக்காது. கிடைக்கவில்லை என்றால் இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவே தகரத்தை வளைத்து நாமே ஒன்று செய்துகொள்ளலாம், பெரிய வேலை இல்லை.

இதற்குக் கரண்ட் கொடுப்பதில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முழு வேகத்தில் 10 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும், சின்ன அடாப்டர் தாங்காது. கார் பேட்டரி சரி. பழைய கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கிற பெட்டி) இன்னும் வசதி: பச்சை வயரைக் கறுப்பு வயரோடு சேர்த்தால் உயிர் வரும், மஞ்சளில் 12 வோல்ட் கிடைக்கும், அதில் எத்தனை ஆம்பியர் என்பது பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். மோட்டார் கிளம்புகிற நொடியில் அதிகமாக இழுப்பதால் சில எஸ்எம்பிஎஸ் பயந்து தானே அணைந்துவிடும். அதற்கும் வேகத்தைக் குறைக்கவும் சேர்த்து ஒரு பிடபிள்யூஎம் கண்ட்ரோலர் (கரண்டை வேகமாக விட்டுவிட்டுக் கொடுத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சாதனம்) போட்டுவிடுங்கள். காரிலேயே இருந்த வேகக் குறைப்பு ரெசிஸ்டரையும் கழற்றி வந்து மாட்டலாம், ஆனால் அது காரில் ப்ளோயர் காற்று படுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தது, வெளியே சும்மா தொங்கவிட்டால் கொதித்துவிடும். அதையும் காற்றுப் பாதைக்குள்ளேயே வையுங்கள்.

வேகத்தைக் குறைக்க முடியாத ப்ளோயர் என்றாலும் கவலை இல்லை. உறிஞ்சும் வாயில் முன்னும் பின்னும் நகர்கிற மாதிரி ஒரு தகரத் துண்டு வைத்தால் முடிந்தது. மோட்டார் திணறுமே என்று பயப்படுவார்கள், சுழல்சக்கர ப்ளோயரில் நடப்பது நேர்மாறு. காற்றை அடைத்தால் சக்கரம் நகர்த்த வேண்டிய காற்று குறைகிறது, மோட்டாரின் சுமையும் குறைகிறது. (மேலே சொன்ன வேக்யூம் கிளீனர் வகை மட்டும் விலக்கு, அங்கே பிரச்சினை சுமை இல்லை, சூடு.) லைட் டிம்மரை வைத்துச் சிம்னி மோட்டாரைக் குறைக்கப் பார்க்காதீர்கள், அது இண்டக்‌ஷன் மோட்டாராக இருந்தால் உறுமிக்கொண்டு சூடாகும்.

காற்றைக் குறைப்பதிலேயே இவ்வளவு நேரம் நிற்கிறேனே என்றால், இரும்பு கெடுவது அங்கேதான். கரி எடுத்துக்கொள்ளாத ஆக்சிஜன் நேராக இரும்புக்குத்தான் போகும். செதிள் செதிளாக உரியும், அதற்கு மேலும் போனால் பொறி பறக்கும், பொறி பறந்த துண்டு அவ்வளவுதான், வெட்டிப் போட வேண்டியதுதான். ஆகவே காற்று வாய்க்கு மேலே கரி ஆழமாக இருக்க வேண்டும், இரும்பு அதன் மேல்பாதியில் கிடக்க வேண்டும். மரக்கரி லேசாக ஊதினாலே பிடித்துக்கொள்ளும், நிலக்கரிக்குக் கொஞ்சம் கூட, கோக்குக்கு (காற்றில்லாமல் சுட்டு வாயுவை வெளியேற்றிய நிலக்கரி) நிற்காமல் ஊத வேண்டும். காலால் மிதித்தால் மட்டும் ஓடுகிற ஸ்விட்ச் போட்டால் இன்னும் நல்லது, சுத்தியல் அடிக்கிற நேரத்தில் கரி சும்மா எரிந்து தீராது. கையால் சுற்றுகிற பழைய ப்ளோயரையும், மரப்பெட்டிக்குள் பலகையை இழுத்துத் தள்ளுகிற பெட்டித் துருத்தியையும் நான் மதிப்பதற்குக் காரணம் இதுதான், கை நின்றால் காற்றும் நின்றுவிடும்.

குழாய் வாங்கும்போது துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயை நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகும், அதற்கு முன்பே புகைய ஆரம்பிக்கும், அந்தப் புகை காய்ச்சலைக் கொடுக்கும். உலையை வீட்டுக்குள்ளோ மூடிய கொட்டகையிலோ வைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

நிலக்கரி எரிப்பவர்களுக்கு இன்னொன்று. புதுக் கரி கொட்டிவிட்டு ப்ளோயரை முழுக்க நிறுத்தினால், கரியிலிருந்து வருகிற வாயு கீழே இறங்கிக் குழாய்க்குள் போய்த் தங்கும், மறுபடி ஊதத் தொடங்கும்போது டப்பென்று வெடிக்கும். சில சமயம் ப்ளோயர் உறையே பிளந்துவிடும். நிறுத்தும்போதெல்லாம் அடியில் சாம்பல் தட்டுகிற கதவைத் திறந்து வைத்துவிடுங்கள், அல்லது காற்றைத் துளியளவு விட்டுக்கொண்டே இருங்கள். மரக்கரியில் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை, அந்த வாயுவில் பெரும்பகுதி கரி மூட்டம் போடும்போதே போய்விட்டது.