இரண்டு இதழைக் காணோம்

முகத்துவாரம் தாண்டவில்லை, படகு இன்ஜினைக் குளிர்வித்துப் பின்னால் பீய்ச்சும் தண்ணீர் நின்றுவிட்டது. உடனே ஆஃப் செய்து துடுப்பு போட்டுத் திரும்பினோம். பழவேற்காட்டில் பாதி நேரம் மணல் அடைப்புதான். தண்ணீர் பீய்ச்சும் துளையில் மெல்லிய கம்பி விட்டுக் குத்திப் பார்த்தேன், அது இல்லை. சரி என்று கீழ்ப்பகுதியைக் கழற்றினேன். உப்பில் இறுகிய ஒரே ஒரு போல்ட் அரை மணி நேரம் உயிரை வாங்கியது. பம்ப்பைத் திறந்தால், தண்ணீரை மேலே தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரில் ஆறு இதழில் இரண்டு இல்லை. புதிதை மாட்டினால் மட்டும் போதாது, ஒடிந்த துண்டு மேலே குழாயில் போய் அடைத்துக்கொள்ளும், இன்ஜின் மறுபடி சூடாகும். ஒரு துண்டு கிடைத்துவிட்டது. இன்னொன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். டீ வாங்கப் போன மச்சானையும்தான்.