ஒரு கஜம், 26 விநாடி

2015 பிப்ரவரி 1, அரிசோனா மாநிலம் கிளெண்டேல். அமெரிக்கன் ஃபுட்பால் இறுதிப் போட்டி, சூப்பர் பௌல் 49. பேட்ரியாட்ஸ் 28, சீஹாக்ஸ் 24. பந்து சீஹாக்ஸ்கிட்ட, கோல் கோட்டுக்கு ஒரே கஜம் தள்ளி. ஓடாம பாஸ் போட்டாங்க, பந்து எதிரணி கைக்குப் போச்சு. "பந்தைத் தூக்கிட்டு ஓடுற லிஞ்ச் கையில கொடுத்திருந்தா முட்டித் தள்ளிட்டுப் போயிருப்பான்"னு இன்னிக்கும் அப்போதைய சீஹாக்ஸ் கோச் பீட் கேரலைத் திட்டுறாங்க.

கணக்கைப் பாருங்க. மிச்சம் 26 விநாடி, மூணு முயற்சி, கடிகாரத்தை நிறுத்துற டைம் அவுட் ஒண்ணே ஒண்ணு. ஓடி மாட்டினா கடிகாரமும் ஓடும். பாஸ் கீழே விழுந்தா கடிகாரம் நிக்கும். அதனால ஒரு தடவை பாஸ் போட்டாத்தான் மூணு முயற்சிக்கும் நேரம் கிடைக்கும். முடிவு தப்பில்ல, போட்ட பாஸ்தான் தப்பு. நெரிசலான நடுப்பக்கம் சாய்வா போற ஸ்லாண்ட் பாஸ்!

வலப்பக்கம் முன்னும் பின்னுமா ரெண்டு சீஹாக்ஸ் ரிசீவர், அதாவது பாஸ் பிடிக்கிறவங்க. முன்னால நின்ன கெர்ஸ், பேட்ரியாட்ஸ் தடுப்பாளர் பட்லரை மறிச்சு வழிவிடணும். பின்னால இருந்து லாக்கெட் உள்ளே பாயணும். ஆனா இன்னொரு பேட்ரியாட்ஸ் தடுப்பாளர் பிரவுனர் கெர்ஸை நின்ன இடத்துலயே அமுக்கிட்டாரு. சீஹாக்ஸோட பழைய ஆளு வேற! வழி மறிபடாத பட்லர், சீஹாக்ஸோட வில்சன் எறிஞ்ச பந்தை லாக்கெட்டை முந்திப் பிடிச்சிட்டாரு. பயிற்சியில இதே ஆட்டத்துல ஏமாந்தவர், அணிகள் புது ஆட்டக்காரங்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்ட்ல யாரும் எடுக்காத புதுப் பையன்.

அப்பவும் முழுசா முடியல. பேட்ரியாட்ஸ் தங்கள் கோட்டை ஒட்டியே ஆடணும், கோட்டுக்குப் பின்னால மாட்டினா சேஃப்டி, எதிரணிக்கு ரெண்டு புள்ளி போகும். சீஹாக்ஸோட மைக்கேல் பென்னட் அவசரப்பட்டு, ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே ரெண்டு அணிக்கும் நடுவுல இருக்கிற கோட்டைத் தாண்டினாரு, அபராதமா அஞ்சு கஜம். பேட்ரியாட்ஸோட பிரேடிக்கு மண்டி போட்டு நேரத்தைக் கரைக்க இடம் கிடைச்சிருச்சு.