முள்ளுக் கத்தரிக்காய்க்கு ஒரு விற்பனைக் குறிப்பு

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து உழவர்கள் வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் இடும் விற்பனைக் குறிப்புகளில், நான் பார்த்த வரையில், ‘நாட்டுக் காய், தரமானது, தொடர்புக்கு’ என்ற அளவே இருக்கிறது. என்ன ரகம், எந்த ஊர், என்று பறித்தது, குறைந்தது எத்தனை கிலோ வாங்க வேண்டும், காட்பாடிக்குக் கொண்டுவந்து தருவார்களா, விலையில் அனுப்பும் செலவும் அடங்குமா என்பவற்றை எழுதிவிட்டால் பாதித் தொலைபேசி அழைப்புகள் மிச்சமாகும்.

இப்பகுதியின் இலவம்பாடி ஊரில் விளையும் காய்க்கு ‘வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்’ என்ற பெயரில் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதால், ஊர்ப்பெயரைத் தலைப்பிலேயே வைக்கலாம். ஆனால் புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்துகொள்ளாமல் அந்தக் குறியீட்டு முத்திரையைப் படத்தில் ஒட்டக் கூடாது.

படத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அன்று பறித்த காயையே, காலை வெளிச்சத்தில், காம்பும் முள்ளும் தெளிவாகத் தெரியும்படி எடுங்கள். காம்பின் பசுமையைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் கத்தரிக்காய் வாங்குவோம், வாங்குபவர் பலரும் அப்படியே. பிறர் எடுத்த பளபளப்பான படத்தைப் போடுவது எனக்கு ஏமாற்று வேலையாகவே படுகிறது. ‘இயற்கை விளைச்சல்’ என்று எழுதுபவரிடம் சான்றிதழ் இருந்தால் அதன் எண்ணைத் தரட்டும்; இல்லையேல் என்ன உரமிட்டோம், எதைத் தெளித்தோம் என்று எழுதினால் போதும். சரக்குத் தீர்ந்ததும் குறிப்பை நீக்கிவிடுங்கள்.