வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக முதல் முறை

தேர்தல் பணி ஆணை பள்ளிக்கு வந்து சேரும் நாளில் ஆசிரியர் அறையில் பரவும் பதற்றம் வெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. முந்தைய தேர்தல்களில் வாக்குப்பதிவு அலுவலராக மட்டுமே இருந்த எனக்கு, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் என்ற பொறுப்பு வந்தது. விரலில் மை வைப்பது வேறு, ஒரு சாவடியில் நடக்கும் அனைத்துக்கும் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்பது வேறு. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் ஏப்ரல் 19 அன்று ஒரே நாளில் வாக்குப்பதிவு என்பதால், மாநிலம் முழுவதும் என்னைப் போல முதன்முறையாக அந்த ஆணையைக் கையில் வாங்கியவர்கள் ஏராளமாக இருந்திருப்பார்கள்.

இந்தப் பணியில் நிச்சயமின்மை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. யார் எந்தச் சாவடிக்குப் போகிறார்கள் என்பது கணினி வழிக் குலுக்கலில் முடிவாகி, வாக்குப்பதிவுக்கு முதல் நாள்தான் கையில் கிடைக்கிறது. நடுநிலைமைக்கு அது அவசியம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எந்த ஊர், உடன் வருபவர்கள் யார், பெண்கள் இரவு தங்கும் அளவுக்கு அந்தப் பள்ளியில் கழிப்பறையும் தண்ணீரும் இருக்குமா என்று எதுவும் தெரியாமல் ஒரு பெரிய பொறுப்புக்குத் தயாராவது எளிதல்ல. இயந்திரம் பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது, வேட்பாளர்களின் முகவர்கள் சண்டையிட்டுக்கொண்டால் யாரை அழைப்பது, கடைசியில் கணக்கு உதைத்தால் யாரிடம் பதில் சொல்வது என்று மனம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. “ஒண்ணும் ஆகாது டீச்சர், தைரியமா போங்க” என்று மூத்த ஆசிரியர்கள் அன்போடுதான் சொன்னார்கள். அந்த அன்பு எனக்குத் தேவையாக இருந்தது, ஆனால் அந்தச் சொற்கள் உதவவில்லை. ஏதாவது ஒன்று ஆகத்தான் செய்யும் என்பது எனக்குத் தெரியும். ஆகும்போது நான் என்ன செய்ய வேண்டும் என்பதே என் கேள்வி.

எனவே ஒரு நோட்டின் இடப்பக்கத்தில் என் பயங்களை ஒவ்வொன்றாக எழுதி, வலப்பக்கத்தில் தேர்தல் ஆணையத்தின் கையேடு அதற்குச் சொல்லும் வழியை எழுதத் தொடங்கினேன். வாக்குப்பதிவு நடக்கும்போது, பதிவான வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் மட்டும் பழுதானால் அதை மட்டும் மாற்றினால் போதும். அலுவலரிடம் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியோ, வாக்காளர் பொத்தானை அழுத்தும் வாக்களிக்கும் கருவியோ பழுதானால் விவிபாட் உட்பட முழுத் தொகுப்பையும் மாற்ற வேண்டும். மாற்றுக் கருவியைக் கொண்டுவருவது, பல சாவடிகளைக் கவனிக்கும் மண்டல அலுவலரின் வேலை. வாக்குப்பதிவை நிறுத்துவது, அவருக்குத் தகவல் சொல்வது, நாட்குறிப்பில் நேரத்தோடு பதிவது, இவ்வளவுதான் என் வேலை. இப்படி எழுதிப் பார்த்தபோது, நான் பயந்தவற்றில் பாதிக்கு மேல் முடிவெடுக்கும் பொறுப்பே என்னுடையதல்ல என்பது புரிந்து பெரிய ஆறுதலைத் தந்தது. மீதமிருந்தவை நானே தீர்மானிக்க வேண்டியவை. அவற்றை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வாக்குப்பதிவு நாளன்று அதிகாலை 5.30 மணிக்கு மாதிரி வாக்குப்பதிவு. வாக்களிக்கும் மறைவிடத்தை முதல் நாள் மாலையே சன்னலிலிருந்து தள்ளி வைத்திருந்தோம். வாக்கின் ரகசியத்துக்காக மட்டுமல்ல, நேரடி வெளிச்சம் பட்டால் விவிபாட் கோளாறு காட்டக்கூடும் என்பதாலும். முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகளைப் பதிந்து, கட்டுப்பாட்டுக் கருவி காட்டிய முடிவையும் விவிபாட் பெட்டியில் விழுந்த சீட்டுகளையும் வேட்பாளர் வாரியாக ஒப்பிட்டோம். இரண்டும் ஒத்துப்போயின. பின்பு பதிவுகளை அழித்து, மொத்தம் பூச்சியம் என்பதை எல்லோருக்கும் காட்டி, சீட்டுகளைக் கறுப்பு உறையில் இட்டு முத்திரை வைத்தோம். கட்டுப்பாட்டுக் கருவியை முத்திரையிடும் பச்சைத் தாளில் கையெழுத்திட்டபோது என் கை நடுங்கவில்லை. ஒரு முழுச் சுற்றை என் கையாலேயே செய்து முடித்திருந்ததுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

நண்பகல் நேரத்தில்தான் உண்மையான சோதனை வந்தது. திருப்பூரிலிருந்து இரவுப் பேருந்தில் வந்திருந்த ஒருவரின் பெயருக்கு எதிரே ஏற்கெனவே வாக்குப் பதிவாகியிருந்தது. “ஓட்டுப் போடுறதுக்காகத்தானே டீச்சர் லீவு போட்டு வந்திருக்கேன்” என்று அவர் குரல் உயர, முகவர்களும் ஆளுக்கொரு பக்கம் பேசத் தொடங்கினார்கள். மண்டல அலுவலர் வேறு ஊரில் இருந்தார். அவர் அருகில் இருந்திருந்தாலும் இந்த முடிவு என்னுடையதே. முகவர்களை இருக்கையில் அமரச் சொல்லிவிட்டு, வாக்களிக்க வந்தவரின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தேன். தந்தை பெயர், கதவு எண், அதே வீட்டில் வாக்காளராக இருப்பவர்களின் பெயர்கள் என ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாம் பட்டியலோடு பொருந்தின. தேர்தல் நடத்தை விதி 49P-யின்படி அவருக்கு ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு (tendered ballot) எனப்படும் தாள் வாக்குச்சீட்டைக் கொடுத்து, அத்தகைய வாக்குகளைப் பட்டியலிடும் படிவம் 17B-யில் கையெழுத்து வாங்கினேன்.

“மெஷின்லயே போட விடுங்க டீச்சர்” என்று அவர் கேட்டது நியாயமான ஆதங்கம். இந்த வாக்கு இயந்திரத்தில் சேராது, வழக்கமான எண்ணிக்கையிலும் வராது, நீதிமன்றம் கேட்டால்தான் வெளியே எடுக்கப்படும் என்பதை மறைக்காமல் அவரிடம் சொன்னேன். முழு மனநிறைவோடு அவர் போகவில்லை. ஆனாலும் முத்திரையிட்ட சீட்டைத் தாமே மடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். விதி தெரிந்திருந்ததால்தான் அந்தச் சில நிமிடங்களில் என்னால் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடிந்தது. தெரியாமல் இருந்திருந்தால் கையேட்டின் பக்கங்களைத் தேடிக்கொண்டு, அவரை ஒரு தொல்லையாகவே கருதியிருப்பேன். தன்னம்பிக்கை என்பது நமக்காக மட்டும் அல்ல, எதிரே நிற்பவருக்காகவும் வேண்டும் என்பதை அந்த இடத்தில் உணர்ந்தேன்.

மாலை 6 மணிக்கு வரிசையில் நின்றவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து தொடங்கி டோக்கன் கொடுத்தோம். அவர்கள் வாக்களித்து முடித்தபின் ‘குளோஸ்’ பொத்தானை அழுத்தி, கருவி காட்டிய மொத்தத்தை, வாக்காளர்கள் கையெழுத்திடும் 17ஏ பதிவேட்டின் கடைசி வரிசை எண்ணோடு ஒப்பிட்டு, பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி-யின் நகல்களை முகவர்களிடம் கொடுத்தேன். கணக்கு சரியாக இருந்தது.

பயிற்சி வகுப்புகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரிய கூடத்தில் நூற்றுக்கணக்கானோரை அமர்த்தித் திரையில் காட்டும்போது விதிகள் காதில் விழுகின்றனவே தவிர, கைக்கு வருவதில்லை. புதிதாகத் தலைமை அலுவலராகும் ஒவ்வொருவரும் ஒரு மாதிரி வாக்குப்பதிவைத் தொடக்கம் முதல் முத்திரை வரை தம் கையாலேயே செய்து பார்க்க வாய்ப்பளிக்க வேண்டும். எங்கள் பள்ளியில் அடுத்த முறை ஆணை வாங்கும் இளைய ஆசிரியர்களை மாலையில் அமர்த்தி, அவர்கள் பயங்களை முதலில் எழுதச் சொல்வதாக இருக்கிறேன். பிறகு நான் முகவராகச் சத்தம் போடுவேன். அவர்கள் விதியைச் சொல்லி என்னை உட்காரவைக்க வேண்டும்.